காட்டைக் காத்தது சாமி பயமா, சபையா? ஆப்பிரிக்காவை வைத்து ஒரு சந்தேகம்

#1 – திணைப்புனம்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு மச்சினர் வீட்டு விருந்தில் தொடங்கிய சண்டை இன்னும் மனசிலிருந்து இறங்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "ஆப்பிரிக்காக்காரன் மரத்தைக் கும்பிட்டவரைக்கும் காடு இருந்துச்சு. பாதிரி வந்து மரத்துல சாமி இல்லேன்னான். மறுநாளே கோடாலி." நான் வங்காரி மாத்தாயை இழுத்தேன். அவரே கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர்தானே என்று ஆரம்பிக்கும்போது ரசம் வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மாத்தாய் கதை தெரியாதவர்களுக்கு: கென்யாவில் நியேரி பக்கம் இஹிதே என்ற ஊரில் 1940இல் பிறந்தவர். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு முகுமோ, அதாவது கிகூயு மக்கள் புனிதமாக நினைக்கும் அத்தி. "அதிலிருந்து விறகு எடுக்காதே, அது கடவுளின் மரம்" என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். மரத்தின் பக்கத்திலேயே ஊற்று. அதில் கிடக்கும் தவளை முட்டைகளை மணி என்று நினைத்து, கோத்து மாலையாகப் போட்டுக்கொள்ளப் பார்ப்பாராம். பின்னால் அமெரிக்கா போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மரம் இல்லை. நிலத்தை வாங்கியவர் தேயிலைக்கு இடம் வேண்டும் என்று வெட்டிவிட்டார். ஊற்றும் இல்லை, தவளையும் இல்லை. அத்தி வேர் பாறைக்குள் இறங்கி அடித்தண்ணீருக்கு வழி விடுகிறது என்பது அப்புறம்தான் அவருக்கு விளங்கியிருக்கிறது. அதற்கெல்லாம் பிறகு 1977இல் மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கம், 2004இல் நோபல்.

என் கேள்வி: அந்த அத்தியை வெட்டியது பைபிளா, தேயிலையா?

#2 – கிச்சிலி

ரசத்தைக் கண்டதும் கொள்கையை விட்ட உங்கள் வைராக்கியத்துக்கு முதலில் ஒரு கும்பிடு.

வெட்டினது தேயிலைதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த மரத்து மேல கோடாலி வைக்க ஒருத்தனுக்குக் கை நடுங்கலையே? அவன் தாத்தாவுக்கு நடுங்கியிருக்கும். இடையில் அந்த நடுக்கத்தை எடுத்தது யாரு?

#3 – வேதக்கோயில் தெரு

கிச்சிலி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் தரப்பைக் காப்பாற்றிப் பேச எனக்கு ஆசைதான். எங்கள் தாத்தா உபதேசியார். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும்.

பைபிளில் உபாகமம் 12ஆம் அதிகாரத்தில் மலைகள்மேலும் பச்சையான மரங்களின்கீழும் இருக்கிற வழிபாட்டு இடங்களை அழிக்கச் சொல்லியிருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனரிகளில் பலர் அந்த அதிகாரத்தை நன்றாகப் படித்திருந்தார்கள். ஆதியாகமம் 2:15இல் தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" மனுஷனை வைத்தார் என்று இருப்பதைப் படித்தவர்கள் குறைவு. 20ஆம் அதிகாரத்தில், முற்றுகையிட்ட பட்டணத்தின் கனிமரத்தைக்கூட வெட்டாதே என்றும் அதே உபாகமம்தான் சொல்கிறது. அதை யாரும் பிரசங்கம் பண்ணிக் கேட்டதில்லை, நான் உட்பட.

கானாவில் நடந்த ஒன்று. போவாபெங், ஃபியேமா என்று அடுத்தடுத்து இரண்டு ஊர். அங்குள்ள மோனா குரங்கும் கருப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்கும் ஊர்த் தெய்வத்தின் பிள்ளைகள். கல் எறியக்கூடாது. செத்தால் துணி சுற்றி அடக்கம் பண்ணுவார்கள், அதற்கென்றே இடுகாடு இருக்கிறது. 1970களில் ஒரு கிறிஸ்தவ சபைக்காரர்கள், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று காட்டவே குரங்குகளைக் கொல்ல ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் அதிகாரிகளிடம் போய் நின்றார்கள். 1975இல் குரங்கைக் கொல்லக்கூடாது என்று மாவட்ட அளவில் விதியே போட்டுவிட்டார்கள். குரங்கைத் தொட்டால் சாமி பார்க்கும் என்று இருந்தது, தொட்டால் அபராதம் என்று ஆனது. இன்று அந்தக் குரங்குகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

ஆகவே மச்சினர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை வேறு யாராவது சொல்லுங்கள்.

#4 – கிச்சிலி

கானான்னு சொன்னதும் ஞாபகம் வருது. அங்கே கரையோர மீனவர்கள் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க. கடலுக்கு ஓய்வு நாள். அகான் மக்கள் வியாழக்கிழமை மண்ணைக் கொத்த மாட்டாங்க, அது அசாசே யா, மண்ணம்மாவோட நாள். ஃபாந்தி பக்கம் அதுவே வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை லீவு நமக்கு, வியாழக்கிழமை லீவு மண்ணுக்கு. சபை வந்து முதல் லீவைக் குடுத்துட்டு ரெண்டாவதை எடுத்துக்கிச்சு. ஆனா செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படியோ தப்பிச்சுது. ஞாயிறு சர்ச்சுக்குப் போற மீனவனும் செவ்வாய் வலையைத்தான் தைக்கிறான்.

#5 – பஹிர்தார் பழசு

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். நான் எத்தியோப்பியாவில் பஹிர் தார் பல்கலைக்கழகத்தில் ஏழு வருஷம் புள்ளியியல் நடத்தியவன். அந்தக் காலத்தில் அங்கே எந்தத் துறைக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு தமிழ் ஆசாமி இருப்பார், பக்கத்தில் ஒரு மலையாளி இருப்பார். நான் அவர்களில் ஒருவன்.

"வெள்ளைக்காரன் பைபிளோடு வந்தான்" என்பது எத்தியோப்பியாவுக்குச் செல்லாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே எசானா ராஜா கிறிஸ்தவத்தை ஏற்றது 4ஆம் நூற்றாண்டில். ஐரோப்பாவில் பாதிப்பேர் அப்போது ஓக் மரத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடிஸ் அபாபாவிலிருந்து பஹிர் தாருக்கு விமானத்தில் போகும்போது ஜன்னல் இருக்கை கிடைத்தால் கீழே பாருங்கள். மழைக்காலம் தவிர எந்த மாதமும் ஒரே செம்பழுப்பு. டெஃப் என்கிற சிறுதானிய வயல், உழுத நிலம், மாடு மேய்ந்த மொட்டை. அதில் அங்கங்கே பச்சைப் பொட்டு வைத்த மாதிரி வட்ட வட்டமாகக் காடு. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் தகரக் கூரை பளபளக்கும். அது கோயில். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹெதோ சபையின் கோயில்.

கிராமத்துக் கோயில்கள் பெரும்பாலும் வட்டம். உள்ளே மூன்று சுற்று. நடுச் சுற்றில் 'தாபோத்' இருக்கும், உடன்படிக்கைப் பெட்டியின் சாயலாகக் கருதப்படுவது. அங்கே குருமார் தவிர யாரும் போகக்கூடாது. நமக்குக் கருவறை பழக்கம் என்பதால் எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. காடு அந்தச் சுற்றுகளுக்கு வெளியே இன்னொரு சுற்று, அவ்வளவுதான். மரம் இல்லாத கோயில் அம்மணமாக நிற்கிற ஆள் மாதிரி என்று அங்கே சொல்வார்கள். எனக்கு ஒரு வயதான குரு, தான் போர்த்தியிருந்த வெள்ளை நெத்தலா துணியைத் தொட்டுக் காட்டி அதைச் சொன்னார். காடு கோயிலுக்கு உடுப்பு.

உள்ளே த்ஸித் என்கிற ஆப்பிரிக்க ஜூனிப்பர், வெய்ரா என்கிற காட்டு ஒலிவம். வெளியே பத்துக் கிலோமீட்டர் நடந்தாலும் அந்த வயது மரத்தைப் பார்க்க முடியாது. விறகுக்கு வெட்டக்கூடாது, கோயில் வேலைக்கு மட்டும் எடுக்கலாம். 1975இல் தெர்க் ராணுவ அரசு கிராமத்து நிலத்தை முழுக்க அரசுடைமை ஆக்கியது. சபையின் நிலங்களும் போயின. அப்படியும் கோயிலைச் சுற்றிய காட்டில் பெரும்பாலும் யாரும் கை வைக்கவில்லை.

தானா ஏரியில் ஸேகே தீபகற்பம் இருக்கிறது. படகில் போகலாம். அங்கே பெத்ரே மரியாம் என்ற துறவி கடவுளிடம் வரம் வாங்கினாராம்: இந்த மண்ணில் உழக்கூடாது, மாடு வளர்க்கக்கூடாது, அப்படி இருந்தால் ஜனம் பிழைத்துக்கொள்ளும். பிழைத்தது காப்பியால். பெரிய மரத்து நிழலில் காப்பிச் செடி, நடுநடுவே மடாலயம். கலப்பை நுழையாததால் காடு நின்றது. துறவியின் பெயரால் சொன்னாலும் இது பழைய விலக்கு மாதிரியேதான் எனக்குப் பட்டது. கானாக்காரருக்கு வியாழன், இவர்களுக்கு வருஷம் பூராவும்.

#6 – அரைகுறை

பஹிர்தார் ஐயா, அழகாக எழுதியிருக்கிறீர்கள், அதனாலேயே பயமாக இருக்கிறது. பச்சைப் பொட்டைப் பார்த்து எல்லாரும் உருகுகிறோம். பொட்டுக்கு வெளியே இருக்கிற செம்பழுப்பு யாருடைய ஊர்? அதே கிறிஸ்தவர்களின் ஊர்தானே? வட்டத்துக்குள் மரத்தை வெட்டினால் பாவம், வட்டத்தைத் தாண்டினால் பாவம் இல்லை. 16 நூற்றாண்டு கிறிஸ்தவம் காப்பாற்றியது சில ஏக்கர்களை.

பழைய மதத்துக்காரர்களும் ஒன்றும் குறைச்சல் இல்லை. நைஜீரியாவின் ஒசுன் ஒசோக்போ தோப்பு 75 ஹெக்டேர், 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. யொரூபா மக்களின் நகரங்களுக்கு வெளியே இப்படித் தோப்புகள் எத்தனையோ இருந்தன, மிஞ்சியது சொற்பம். இதையும் காப்பாற்றியதில் பெரும் பங்கு சூசன் வெங்கர் என்ற ஆஸ்திரிய ஓவியருக்கு. வந்தவர் ஒசுன் வழிபாட்டிலேயே பூசாரியாகி, உள்ளூர்ச் சிற்பிகளோடு சேர்ந்து தோப்பு முழுக்கச் சிலை செய்து, 2009இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். கிறிஸ்தவ ஐரோப்பாவில் பிறந்தவர் ஓர் ஆப்பிரிக்கத் தெய்வத்துக்குக் காவல். மச்சினர் கணக்கில் இது எந்தப் பத்தியில் வரும்?

இப்போது தோப்பு இருக்கிறது, ஆறு சேறாக ஓடுகிறது. மேலே இலேஷா பக்கம் தங்கம் தோண்டுகிறார்கள். ஒசுன் என்பதே அந்த ஆற்றின் தேவி. ஆகஸ்ட் திருவிழாவில் அந்தத் தண்ணீரைத்தான் வரமாக எடுத்துப் போவார்கள். குடிக்காதீர்கள் என்று எச்சரிக்கை விடவேண்டி வந்துவிட்டது. புனிதம் வேலிக்குள் நிற்கிறது. ஆறு வேலிக்கு வெளியிலிருந்து வருகிறது.

#7 – பஹிர்தார் பழசு

அரைகுறை தம்பி, குத்தவேண்டிய இடத்தில் குத்திவிட்டீர்கள். மறுக்க மாட்டேன். ஒன்று சேர்க்கிறேன். வட்டத்துக்குள்ளேயும் நிலைமை சரியில்லை. மரம் வெட்டத்தான் தடை, மாடு நுழையத் தடை இல்லாத கோயில்கள் நிறைய. மாடு கன்றுகளை மேய்ந்துவிடும், விதை முளைத்து மேலே வராது. நான் பார்த்த காடு ஒன்றில் கிழவர்கள் மட்டும்தான் இருந்தார்கள், பேரப்பிள்ளைகள் இல்லை.

அலெமாயெஹு வாஸ்ஸே என்ற எத்தியோப்பியக் காட்டியல் ஆய்வாளர் இதைத்தான் அளந்து காட்டினார். மெக் லோமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவரோடு சேர்ந்து குருமார்களைக் கூட்டி உட்காரவைத்து, வானத்திலிருந்து எடுத்த படங்களைக் காட்டினார். பொட்டு சுருங்குவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு சுற்றிலும் கல்சுவர். கல்லுக்குச் செலவே இல்லை, பக்கத்து வயல்காரர் பொறுக்கி எறிய நினைத்த கல்தான். வயலும் சுத்தமானது, மாடும் வெளியே நின்றது. இதில் வேதாந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் கல்லெடுக்க ஊரைக் கூப்பிட யாரால் முடிந்தது? வன அதிகாரியாலா? குரு கூப்பிட்டார், வந்தார்கள்.

#8 – மும்பாசா மாலா

நான் மும்பாசாவில் பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணினவள். கடற்கரையோரம் மிஜிகெண்டா மக்களின் 'காயா' காடுகள் இருக்கு. ஒன்பது குழு மக்கள், முன்னோர் கோட்டை கட்டி வாழ்ந்த இடமெல்லாம் இப்போ காடு. கீழே பெரியவங்க சமாதி, அதனால வெட்ட மாட்டாங்க. 2008இல் அதில் சில இடம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

டியானி பக்கம் காயா கினோண்டோவுக்கு ஒருதரம் போனேன். நுழையறதுக்கு முன்னால் இடுப்பில் கறுப்புத் துணி கட்டிவிடறாங்க. சத்தம் போடக்கூடாது, எதையும் எடுத்து வரக்கூடாது, ஒரு இலைகூட. வழிகாட்டிக்கு அப்துல்லா மாதிரி ஒரு பேர். "நீங்க முஸ்லிம்தானே?"ன்னு கேட்டே விட்டேன். அங்கே டிகோ மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்தான். அவர் சிரிச்சுட்டு, "மசூதி எனக்கு. இது என் பாட்டனாருக்கு"ன்னார்.

மதம் மாறினாலே பயம் போயிடும்னு கிச்சிலி சொன்னது அங்கே பொருந்தலை. ஆனா அந்தக் காட்டுக்கு ரெண்டு பக்கமும் ஹோட்டல் மனை விலை ஏறி நிக்குது. பெரியவங்க ரெண்டு கையும் விரிச்சு நிக்கறாப்பல இருக்கு. மும்பாசாவில் ஒரு வீட்டில் முன்னோருக்காக நடற கிகாங்கோ மரத்தூணை அலங்காரமா வரவேற்பறையில் வச்சிருந்ததைப் பார்த்தேன். பல தூண்கள் களவு போய் வெளிநாட்டு அருங்காட்சியகம் வரைக்கும் போயிருக்கு. அந்த வீட்டுக்கு அப்புறம் நான் போகலை.

#9 – மட்டுறுத்துநர்

மதமாற்றம் சரியா தவறா என்று எழுதிய மூன்று பதில்கள் நீக்கப்பட்டன. அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

#10 – வேதக்கோயில் தெரு

மாலா அக்கா சொன்ன "மசூதி எனக்கு, இது பாட்டனாருக்கு" என்பதை வைத்து நான் மீதிப் பாதியைச் சொல்கிறேன். ஜிம்பாப்வே. இறையியல் வகுப்பில் எங்களுக்குப் பாடமாக வந்தது. அந்த ஒரு வகுப்பில் மட்டும் நான் தூங்கவில்லை.

மாஸ்விங்கோ மாகாணம். ஷோனா மக்களிடம் 'மரம்பாதெம்வா' என்று புனிதக் காடுகள் உண்டு. வெட்டுப்பட மறுக்கிற இடம் என்று பொருள். 1980இல் விடுதலை வந்தபோது ஊர்ப்புற நிலம் மொட்டையாகிக்கொண்டிருந்தது. காரணத்தை அரைகுறை சொல்லுவார் என்று விட்டுவிடுகிறேன். இனுஸ் தானீல் என்ற இறையியல் பேராசிரியர், அங்கேயே மிஷனரி குடும்பத்தில் வளர்ந்து ஷோனா பேசுகிறவர், விடுதலைப் போரில் பங்கெடுத்த ஆவியாடிகளையும் (மூதாதையர் ஆவி இறங்கிப் பேசுகிறவர்கள்) போராளிகளையும் சேர்த்து மரபுக்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்க உதவினார். இதற்கு அவர்கள் வைத்த பெயரே மரங்களின் போர். நாட்டை மீட்டாயிற்று, இனி நிலத்தை மீட்கவேண்டும் என்று.

பிறகு 1991இல் சபைகளுக்கு இன்னொரு சங்கம். பெரிய மிஷன் சபைகள் இல்லை. வெள்ளை அங்கி போட்டு மரத்தடியில் கூடுகிற சீயோன் சபைகள், அப்போஸ்தல சபைகள். முன்னோருக்குச் சோளக் கள் படைப்பதைப் பிசாசு வேலை என்கிறவர்கள். இரண்டு தரப்பும் ஒரே சடங்கில் உட்காரவே மாட்டார்கள். ஆகவே சங்கம் இரண்டு, சடங்கு இரண்டு, கன்று ஒன்று. மரபுக்காரர்கள் கள்ளும் மூக்குப்பொடியும் வைத்து மூதாதையருக்குச் சொல்லிவிட்டு நடுவார்கள். சபைக்காரர்கள் 'மரம் நடும் திருவிருந்து' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். குழி முன்கூட்டியே தோண்டியிருக்கும். அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசையில் வருகிறவர் கையில் மரக்கன்று இருக்கும். அதற்கு முன்னால் பாவ அறிக்கை. மரம் வெட்டிவிட்டு நடாமல் விட்டேன், ஆற்றங்கரையை உழுதேன் என்று ஊர் அறியச் சொல்லவேண்டும். வாங்கிவிட்டுப் போய், கன்றைப் பார்த்து, நீ எங்களுக்கு நல்ல காற்றைக் கொடு என்று பேசி நடுவார்கள்.

அந்தச் சடங்கின் ஷோனாப் பெயர் மஃபுகிட்சன்யிகா. நிலத்தைப் போர்த்துதல். பஹிர்தார் ஐயா சொன்ன நெத்தலாவைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. இந்த இரண்டு சபைகளுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது. ஒருவருக்குக் கோயில் அம்மணம், இன்னொருவருக்கு மண்ணே அம்மணம்.

#11 – கிச்சிலி

பாவ அறிக்கையில் ஆற்றங்கரையை உழுததைச் சொல்லணும்னா எங்க ஊரில் திருவிருந்து முடிய மூணு நாள் ஆகும். மணல் அள்ளினவங்களுக்குத் தனி வரிசை போடணும்.

#12 – அரைகுறை

காரணத்தை என் தலையில் கட்டிவிட்டீர்கள். சரி. 1930 நிலப் பங்கீட்டுச் சட்டம். ரொடீசியாவின் (ஜிம்பாப்வேயின் அன்றைய பெயர்) நிலத்தில் ஏறக்குறைய பாதி, அதுவும் நல்ல நிலமாகப் பார்த்து, வெள்ளையர்களுக்கு. பெரும்பான்மை மக்களைச் சரளை மண் ஒதுக்கிடங்களில் நெருக்கி வைத்தார்கள். அங்கே ஜனமும் மாடும் பெருகின. புனிதக் காடு வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணைக்குள் போய்விட்டது. இடத்தை விட்டுத் துரத்தப்பட்டவனுக்கு எந்த மரத்தடியில் பாட்டன் சமாதி? கிச்சிலி கேட்ட நடுக்கம் எங்கே போனது என்றால், பாதி சபையில் போனது, மீதி லாரியில் ஏற்றி இறக்கிவிட்டபோது போனது. மாத்தாயின் அத்திக் கதையிலும் ஒரு வரியைத் தாண்டிப் போனோம்: நிலம் கை மாறியது.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும், வேதக்கோயில் தெரு கோபிக்கக்கூடாது. அந்தச் சபைகள் மரம் அழிக்கிறவனை 'முரோயி' என்றார்கள், சூனியக்காரன் என்று. சூனியப் பட்டம் ஆப்பிரிக்காவில் விளையாட்டான சொல் இல்லை. ஊரை விட்டே ஓடவைக்கும். விறகு பொறுக்கப் போகிறது யார்? பெண்கள். அடுப்புக்கு வேறு வழி கொடுக்காமல் சுள்ளி பொறுக்கினவளைச் சபைத் தீர்க்கதரிசி எழுந்து பெயர் சொன்னால்?

#13 – வேதக்கோயில் தெரு

கோபம் இல்லை. இது எனக்கும் உறுத்தின இடம். பெரிய சூனியக்காரன் என்று அவர்கள் பெரும் பண்ணையையும் ஆற்றங்கரை உழவையும் சேர்த்தே சொன்னார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பெரும் பண்ணைக்காரன் அந்த வரிசையில் வந்து நிற்கப்போவதில்லை, நிற்கிறது விறகுக்காரிதான். ஆனால் நாற்றங்கால் போட்டதும் தண்ணீர் சுமந்ததும் அதே பெண்கள்தான். பல லட்சம் கன்றுகள் நட்டார்கள். 2000க்குப் பிறகு நாடே பொருளாதாரத்தில் சரிந்தபோது வெளிப்பணமும் நின்றது, இயக்கம் ஒடுங்கியது.

#14 – மும்பாசா மாலா

விறகுன்னு பேச்சு வந்ததால். மாத்தாய் 2011 செப்டம்பரில் இறந்தப்ப நான் கென்யாவில்தான் இருந்தேன். தனக்காக ஒரு மரம் விழக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. மூங்கிலும் பாப்பிரஸ் கோரையும் ஆகாயத்தாமரையும் வச்சுப் பெட்டி பின்னினாங்க. டிவியில் பாதிரிமார் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாங்க, பெட்டி ஒரு கூடை மாதிரி இருந்தது. எங்க வீட்டு வேலைக்கு வந்த கிகூயு அம்மா அதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

#15 – திணைப்புனம்

மச்சினருக்கு இந்த இழையின் இணைப்பை அனுப்பினேன். "மாட்டைப் பத்தி எழுதினவர் யார், விவரமான ஆளா இருக்காரே" என்று மட்டும் பதில் வந்தது.

பஹிர்தார் ஐயா, ஒரு கேள்வி பாக்கி. சுவருக்கு உள்ளே த்ஸித்தும் வெய்ராவும். ஊர் சமைத்தாக வேண்டுமே. விறகு எங்கிருந்து வருகிறது?

#16 – பஹிர்தார் பழசு

தைல மரம். மெனெலிக் ராஜா காலத்தில், 1890களில், அடிஸ் அபாபாவுக்கு விறகுப் பஞ்சம் வந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. அம்ஹாரிக்கில் அதன் பெயர் 'பஹிர் ஸாஃப்'. கடல் மரம், கடல் தாண்டி வந்தது. தண்ணீரைக் குடிக்கும், கீழே வேறு எதையும் எளிதில் வளரவிடாது என்று எல்லாருக்கும் தெரியும். வீடு கட்டுவதும் அடுப்பெரிப்பதும் அதில்தான். ஜிம்பாப்வே சபைக்காரர்கள் நட்டதிலும் காட்டு மரம், பழ மரத்தோடு தைல மரமும் உண்டு. வீட்டுக்குக் கம்பு வேண்டுமே.

நான் பார்த்த ஒரு கோயிலில் கல்சுவருக்கு வெளியே வரிசையாகத் தைல மரம். வெட்டி விற்ற பணத்தில்தான் கூரைத் தகரம் மாற்றினார்கள். குருவிடம், இந்த மரம் மண்ணைக் கெடுக்குமே என்று என் அரைகுறை அம்ஹாரிக்கில் சொன்னேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். ஒரு பெண் தைல மரச் சுள்ளிக் கட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு, குனிந்து, கோயில் பக்கம் திரும்பி ஒரு சிலுவை போட்டுவிட்டு நடந்து போனாள்.